பொருந்தாத பிரேக் கட்டை

மே 6

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. நான் நலம், சைக்கிள் பாதி நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, கிரீஸ் கையோடு கண்ணைக் கசக்காமல் இருக்கிறாயா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். இந்த சீட்டுக்கும் எனக்கும் போன ஜென்மத்துப் பகை ஏதோ இருக்கிறது. செயின் மேடு ஏறும்போதெல்லாம் முனகுகிறது. நானும்தான் முனகுகிறேன், அதனால் அதை மட்டும் குறை சொல்வதற்கில்லை. நேற்று ஒரு பஞ்சர். நீ காட்டிக்கொடுத்தபடி ஒட்டி முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பசு கடைசிவரை நின்று பார்த்துவிட்டுப் போயிற்று.

நான் கிளம்பிய காலை நீ வாசலுக்கு வரவில்லை. உன் சைக்கிள் கடைக்குள் ஏதோ சக்கரத்துக்குக் கோணல் எடுத்துக்கொண்டிருந்தாய். குனிந்தே செய்கிற வேலை, முகம் தெரியாது. நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு தெரு மேட்டில் ஏறி, உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தேன். அந்த இறக்கத்தில்தானே எனக்கு சைக்கிள் சொல்லிக்கொடுத்தாய், என் மகன் நம் இருவரையும் விட்டுக் கண்மூடிய வருஷம். எனக்கு பிரேக் பிடிக்கக் கையே வராது. நீ கடை வாசலில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பாய், ஹேண்டிலைப் பிடித்து நிறுத்துவாய். "பிரேக்குன்னு ஒண்ணு இருக்கு அத்தை" என்பாய். "அதான் நீ இருக்கியே" என்பேன்.

ஆயுள் முழுக்க ஆஸ்பத்திரித் துணி அறையில் போர்வைக்கு ஓரம் தைத்தவளுக்கு, ஓய்வு கிடைத்ததும் சைக்கிளில் ஊர் சுற்றும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று மாடிவீட்டு அம்மாள் சொல்கிறாளாம். சொல்லட்டும். ஒரு கோடை முழுக்கத் தனியாக ஓட்டிப் பார்க்க ஆசை, அவ்வளவுதான். வேறு காரணம் எதுவும் இல்லை.

தண்ணீர் மீட்டர் பார்க்க வருகிறவர், வாரம் தவறாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவாரே, அவர் வந்தால் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பாதே. உள்ளே என் நாற்காலி சும்மாதான் கிடக்கிறது. கீழே எழுதியிருக்கும் பெரிய தபால் நிலையத்துக்கு எழுது, வழியில் போய் வாங்கிக்கொள்கிறேன்.

வெயிலில் கறுத்த உன்,
அத்தை

மே 15

அன்புள்ள அத்தைக்கு,

நானும் கடையும் நலம். உங்கள் இருமல் சத்தம் இல்லாததால் காலையில் எழுந்திருக்க நேரமாகிறது. முழங்கால் எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை.

செயின் முனகினால் எண்ணெய் கேட்கிறது என்று அர்த்தம். இரண்டு சொட்டு போதும், சமையலுக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றாதீர்கள். சீட்டை அரை விரல் தாழ்த்துங்கள். பஞ்சர் ஒட்டியதும் டயருக்குள் விரலை விட்டு ஒரு சுற்று தடவிப் பார்த்தீர்களா? முள் உள்ளேயே இருந்தால் அது மறுபடியும் குத்தும்.

மீட்டர்காரர் வந்தார். பெல் அடிக்கவில்லை என்றார். நான் ஒரு தட்டு தட்டினேன், தெருவே திரும்பிப் பார்த்தது. "இப்ப அடிக்குது" என்றார். நீங்கள் சொன்னபடி உங்கள் நாற்காலியைக் காட்டினேன், நுனியில் உட்கார்ந்தார். ஆகஸ்ட் கடைசியில் அவருக்குக் கடலோர ஊருக்கு மாற்றல் வந்திருக்கிறதாம். அதைச் சொல்லிவிட்டு இன்னொன்றும் கேட்டார். பிறகு எழுதுகிறேன், வாசலில் வாடிக்கையாளர் நிற்கிறார்.

அன்புடன்,
உங்கள் மருமகள்

மே 28

அன்புள்ள மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. நலமே. முழங்காலும் நலம் என்று எழுதச் சொல்கிறது. நீ கடிதம் எழுதுவது கடையைச் சாத்திய பிறகு. அந்த நேரத்தில் வாசலில் நின்ற வாடிக்கையாளர் யாரோ, அவருக்கு என் வணக்கம்.

அவர் என்ன கேட்டார் என்று நான் கேட்கப் போவதில்லை.

இங்கே சாலை என்றால் சாலை மட்டும்தான். இரண்டு பக்கமும் இடுப்புயரப் புல். காற்று வந்தால் மொத்தப் புல்லும் ஒரு பக்கமாகச் சாய்கிறது, சாலையும் கூடவே சாய்வதுபோல் எனக்குத் தலை சுற்றுகிறது. மதியத்தில் ஓட்டிக்கொண்டே கொஞ்சம் தூங்கிவிடுகிறேனோ என்று சந்தேகம். ஒரு மரத்தைத் தாண்டுகிறேன், பிறகு அதே மரம் மறுபடி எதிரே வருகிறது. கால் தானாக மிதிக்கிறது. யாருக்கும் நான் யாரும் இல்லை. அப்படி இருப்பது முதலில் பயமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது.

நேற்று ஒரு நீண்ட இறக்கம். பாதியில் பின்பிரேக்கை இழுத்தேன், கிறீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், வண்டி அதன் பாட்டுக்குப் போயிற்று. முன்பிரேக்கைப் பிடித்து, செருப்பைத் தரையில் தேய்த்து, ஒரு வைக்கோல் போரின் தயவால் நின்றேன். பார்த்தால் பின்கட்டை தேய்ந்து இரும்பு தெரிகிறது. ஒரு ஜோடி புதிது அனுப்பு. கீழே எழுதியிருக்கும் ஏரிக்கரை விடுதியின் முகவரிக்குப் போடு, அடுத்து அங்கேதான் தங்குகிறேன்.

குழந்தையை விசாரிப்பதுபோல் வண்டியை விசாரிக்கிறாய். உன்னைப் பற்றி ஒரு வரி எழுது.

அன்புள்ள,
அத்தை

ஜூன் 9

அன்புள்ள அத்தைக்கு,

நலம். வைக்கோல் போர் நலமா?

பிரேக் கட்டை ஜோடி இத்துடன் வருகிறது. மாற்றும்வரை இறக்கங்களில் ஏறி உட்காரக் கூடாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

என்னைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். மீட்டர்காரர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். மாற்றலில் போவதற்குள் பதில் வேண்டுமாம். நல்ல மனிதர். அவர் வருகிற நாளில் நான் கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவுகிறேன் என்பதையும் உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நான் போனால் அந்த வீட்டில் நீங்கள் யாரிடம் சண்டை போடுவீர்கள்? அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் திரும்பி வருகிற வரை என்னிடம் பதில் இல்லை.

எப்போது வருகிறீர்கள்?

அன்புடன்,
மருமகள்

ஜூன் 22

அன்புள்ள மருமகளுக்கு,

நலம், நலம். பொட்டலம் வந்தது. கட்டையை மாட்டிவிட்டேன், அச்சு அசலாகப் பொருந்திவிட்டது. உன் கை ராசி.

இந்த ஏரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அணை கட்டியபோது பழைய சாலை ஒன்று தண்ணீருக்கடியில் போய்விட்டதாம். கோடை ஏற ஏற ஏரி இறங்குகிறது, சாலை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. காலையில் அதில் இறங்கி நடந்தால், ஓரத்து மைல்கல்லில் பாசி. இன்னும் கொஞ்சம் போனால் சாலை தண்ணீருக்குள் நுழைந்துவிடுகிறது. தெளிந்த தண்ணீர். உள்ளே வெகுதூரம் வரை சாலை தெரிகிறது, மேலே மீன் போகிறது. அந்தக் கோடியில் ஒரு பாலம் இருக்கிறது, நல்ல கோடையில் அதுவும் வெளியே வரும் என்று விடுதிக்காரி சொன்னாள். அவள் அதிகம் பேசுவதில்லை, அதனால் சொன்னதை நம்பலாம்.

நான் இப்போது இன்னும் வடக்கே போய்க்கொண்டிருக்கிறேன். நீ விடுதிக்கே எழுது, பால் வண்டிக்காரர் இந்த வழியாகத்தான் போகிறார், வழியில் கொண்டுவந்து கொடுப்பார். எப்போது திரும்புவேன் என்று கேட்காதே. சாலை எனக்குப் பிடித்துவிட்டது. சண்டைக்கு ஆள் எங்கே போனாலும் கிடைக்கும். நல்லவர் கேட்டிருக்கிறார், சரியென்று சொல். என்னைச் சாக்கு வைக்காதே.

அன்புள்ள,
அத்தை

ஜூலை 2

அன்புள்ள அத்தைக்கு,

நலம். வண்டி எப்படி ஓடுகிறது? பின்பிரேக் எப்படிப் பிடிக்கிறது? அதை மட்டும் எழுதுங்கள்.

மருமகள்

ஜூலை 11

அன்புள்ள மருமகளுக்கு,

இதென்ன கடிதமா, தந்தியா? உடம்பு சரியில்லையா?

வண்டி பஞ்சாகப் பறக்கிறது. பின்பிரேக் இழுத்த இடத்தில் நிற்கிறது. சீட்டு பழகிவிட்டது, செயின் வாயே திறப்பதில்லை. ஒரு குறையும் இல்லை. காலையில் பனி விலகுவதற்குள் கிளம்பிவிடுகிறேன். மலையடிவாரம், இரண்டு பக்கமும் ஆளில்லாத பழத்தோட்டம், கை நீட்டினால் பழம். இப்படியே போய்க்கொண்டிருந்தால் போதும் என்று இருக்கிறது.

அவருக்குச் சரி சொல்லிவிட்டாயா? கடலோர ஊர் காற்று உனக்கு நல்லது. தலைவலி போகும்.

அன்புள்ள,
அத்தை

ஜூலை 19

அத்தைக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்களுக்கு என்ன என்றுதான் தெரிய வேண்டும்.

உங்கள் வண்டியில் இருப்பது கம்பி பிரேக். கட்டை ரிம்முக்கு அடியிலிருந்து மேலே ஏறிப் பிடிக்கும். நான் அனுப்பியது ஒயர் பிரேக்குக்கான கட்டை, பக்கவாட்டில் பிடிப்பது. சுத்தியலால் அடித்தாலும் உங்கள் வண்டியில் உட்காராது. தெரிந்து அனுப்பவில்லை. உங்களுக்கென்று எடுத்து வைத்த ஜோடி என் மேஜையில், பசை டப்பாவுக்குப் பின்னாலேயே இருந்துவிட்டது. அச்சு அசலாகப் பொருந்திவிட்டது என்று நீங்கள் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு டப்பாவை நகர்த்துகிறேன், அங்கே உட்கார்ந்திருக்கிறது. அதன் பிறகுதான் அந்த மூன்று வரிக் கடிதம் எழுதினேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்தான்.

முதலில் எங்கேயோ விழுந்து காலை உடைத்துக்கொண்டு படுத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். பிறகு உங்கள் கடிதங்களை வரிசையாக எடுத்து வைத்துப் படித்தேன். மே மாதம் முழுக்க ஒரே குறை. ஏரிக்கரைக்கு வந்த பிறகு ஒரு பஞ்சர் இல்லை, ஒரு முனகல் இல்லை. குறையே சொல்லாமல் எந்த வண்டியும் ஓடாது அத்தை, நீங்களும் ஓட மாட்டீர்கள். நீங்கள் சைக்கிளில் ஏறி வெகு நாளாயிற்று.

எங்கே இருக்கிறீர்கள்? என்னிடம் ஏன் பொய் சொன்னீர்கள்?

மருமகள்

ஜூலை 30

என் கண்ணே,

கால் உடையவில்லை. உடம்பு நலம். இந்த இரண்டும் பொய் இல்லை.

ஏரிக்கரை விடுதியிலேயேதான் இருக்கிறேன். வந்த மறுநாள் என் படுக்கை விரிப்பின் ஓரம் பிரிந்திருந்தது, கை சும்மா இருக்காமல் தைத்துக் கொடுத்தேன். விடுதிக்காரி பார்த்துவிட்டு, துணி அறைச் சாவியைக் கையில் கொடுத்தாள். ஒரு அறை, மூன்று வேளைச் சாப்பாடு, ஜன்னலைத் திறந்தால் ஏரி. "இஷ்டம் இருக்கறவரை இருங்க" என்றாள். கடிதங்களைப் பால் வண்டிக்காரரிடம் கொடுத்து வேறு வேறு ஊர்களில் தபாலில் போடச் சொன்னேன். அவருக்கு இதில் ஏக சந்தோஷம். மலையடிவாரத்துப் பழத்தோட்டம் அவர் சொன்னது, நான் பார்க்கவில்லை. பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

அவர் உன்னைக் கேட்கப் போகிறார் என்று எனக்கு முன்பே பளிச்சென்று தெரியும். நன்றாக அடிக்கிற பெல்லைத் தூக்கிக்கொண்டு வருகிற மனுஷன் வேறு எதற்கு வருவான்? நான் வீட்டில் இருந்தால் நீ மாட்டேன் என்பாய். அதனால்தான் கிளம்பினேன். திரும்பாமல் இருந்துவிட்டால் நீ போய்விடுவாய் என்று இங்கே வந்த பிறகு தோன்றிற்று.

இன்னொன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மாமன் மகளுடைய நாத்தனாருக்குக்கூட நம்மிடம் ஒரு முறைப்பெயர் உண்டு. மகனும் போய், மருமகளும் இன்னொரு வீட்டுக்கு மருமகளானால், அவளுக்கு நான் யார்? சாலையில் மதியம் முழுக்க இதைத்தான் மிதித்தேன். அதற்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. சொல் இல்லாத ஆள் வாசலில் வந்து நின்றால் என்ன சொல்லி உள்ளே கூப்பிடுவாய்? எனக்குப் பயமாக இருந்தது.

சரி, நீ செய்ததற்கு வருகிறேன். நீயா கட்டையை மாற்றி அனுப்பினாய்? கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவியே எந்த வண்டிக் கட்டை என்று சொல்கிறவள். அன்றைக்கு உன் மனசு எந்த மீட்டரில் ஓடிக்கொண்டிருந்தது? அதுதான் உன் பதில். போய் அவரிடம் சொல்.

கோபித்துக்கொள். ஆனால் எழுது.

உன்,
அத்தை

ஆகஸ்ட் 12

வணக்கம்.

உங்களை எப்படி அழைப்பது என்று தெரியாமல் மூன்று தாள் வீணாகிவிட்டது. அதனால் வணக்கத்தோடு ஆரம்பிக்கிறேன். தண்ணீர் மீட்டர் பார்ப்பவன் எழுதுகிறேன். நலம், தங்கள் நலம் அறிய விருப்பம்.

உங்கள் மருமகள் எழுத மாட்டேன் என்கிறார். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து ஒரு வாரமாக, கடைக்கு வரும் சக்கரங்களையெல்லாம் கோணல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிமிர்த்துகிறார். நேற்று உங்கள் கடிதத்தை என் கையில் கொடுத்து, "நீங்களே பதில் போடுங்க" என்றார். படித்தேன், மன்னிக்க வேண்டும்.

எனக்கு நீட்டி முழக்கி எழுத வராது. பார்த்ததைப் பார்த்தபடி குறிப்பதுதான் என் தொழில். ஆகவே:

என்னுடன் வேலை செய்பவர் ஒருவர் கடலோர ஊருக்கு மாற்றல் கேட்டு நெடுநாளாக அலைகிறார். இருவரும் இடம் மாற்றிக்கொண்டோம், அலுவலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. நான் எங்கும் போகவில்லை. உங்கள் மருமகள் கடையை விட்டு வருவார் என்று நான் ஒருநாளும் நினைக்கவும் இல்லை. நீங்கள்தான் அப்படி நினைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டீர்கள்.

உங்கள் மாடிப்படிக்குக் கீழே அளந்து பார்த்தேன். இப்போது இரண்டு சைக்கிள் நிற்கிற இடம். ஹேண்டிலைத் திருப்பி வைத்தால் மூன்று நிற்கும்.

நான் கேட்டதற்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. "வண்டி வரட்டும்" என்கிறார்.

பெல் விஷயத்தை நீங்கள் கண்டுபிடித்துவிட்டதில் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
மீட்டர் பார்ப்பவன்

கீழே இடம் இருக்கிறது என்று இவர் தருகிறார், அதனால் எழுதுகிறேன். சரியான கட்டை என் மேஜையில்தான் இருக்கிறது. தபாலில் அனுப்ப மாட்டேன், வந்து மாட்டிக்கொள்ளுங்கள். முன்பிரேக் போதும், ஆனால் இறக்கம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும், ஒன்றைக்கூட விடக் கூடாது. குறை இல்லாத கடிதம் இனி இந்த வீட்டுக்கு வரக் கூடாது. — ம.

ஆகஸ்ட் 23

அன்புள்ள மருமகளுக்கு,

நலம் இல்லை. சீட்டு தன் பழைய குணத்தைக் காட்டிவிட்டது. செயின் இரண்டு முறை கழன்றது, கை முழுக்கக் கறுப்பு, அந்தக் கையோடு முகத்தைத் துடைத்திருக்கிறேன், வழியில் ஒரு குழந்தை என்னைப் பார்த்து அழுதது. முன்டயர் பஞ்சர், ஒட்டினேன், மறுபடி பஞ்சர். முள்ளை எடுக்காமல் விட்டிருக்கிறேன், நீ சொன்னதுதான். முழங்கால் மேட்டில் ஒரு பாட்டு, பள்ளத்தில் ஒரு பாட்டு. போதுமா?

கிளம்பிய அன்று ஏரியில் பாலம் வெளியே வந்திருந்தது. விடுதிக்காரி விடிந்ததும் வந்து கதவைத் தட்டி, "வந்துடுச்சு" என்றாள். துணி அறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். ஏரியைச் சுற்றிக்கொண்டு வருவதற்குப் பதில் நடுவில் இறங்கினேன். பழைய சாலை, பாசி பிடித்த மைல்கல், பாலம். பாலத்தின் இரண்டு பக்கமும் தண்ணீர், தண்ணீரில் மேகம், சத்தமே இல்லை. நடுவில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். ஈர மண்ணில் என் டயர்த் தடம் ஒன்றுதான் இருந்தது. கொஞ்ச நேரம் அழுதேன், எதற்கென்று இல்லை. மகனை நினைத்துத்தான் இருக்கும். பிறகு அக்கரை ஏறினேன்.

மீட்டர்காரரிடம் சொல், தாள் வீணாக்க வேண்டாம். அத்தை என்றே கூப்பிடட்டும். பெண்ணைக் கொடுத்தவளை அப்படித்தானே கூப்பிடுவார்கள். இத்தனை நாள் மிதித்தும் எனக்கு இது தோன்றவில்லை பார். படிக்குக் கீழே சுவர் ஓரத்து இடம் என் வண்டிக்கு, அதில் பேச்சு இல்லை.

இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்துவிடும், தபால்காரருக்கு முழங்கால் வலி கிடையாது. நான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவேன். நீ சொன்னபடி இதுவரை எல்லா இறக்கத்திலும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வந்தேன், சத்தியமாக. நம் தெரு இறக்கத்தை மட்டும் தள்ளிக்கொண்டு வர மாட்டேன்.

கையைக் கழுவிக்கொண்டு கடை வாசலில் வந்து நில். பின்பிரேக் இல்லை, நீதான் பிடிக்க வேண்டும்.

உன்,
அத்தை